அக்காவுக்கு நான் சொன்ன சின்னம்

எனக்கு வாய் ஜாஸ்தி. வீட்டில் சொன்னார்கள், பாலிடெக்னிக்கில் சொன்னார்கள், ஓசூரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கம்பெனி பஸ்ஸிலும் சொல்லிவிட்டார்கள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் போனில் செய்தியைத் திறப்பேன். கேஸ் விலை, பெட்ரோல் விலை, டெல்லியில் யார் என்ன பேசினார் என்று ஒன்று விடாமல் படிப்பேன். படித்ததோடு நிற்காமல் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஓதுவேன். காலை ஷிப்டுக்குப் போகிற பஸ்ஸில் பாதிப் பேர் தூங்குவார்கள். அவர்களை எழுப்பி உட்காரவைத்து நாட்டுப் பொருளாதாரம் பேசினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? பின் சீட்டிலிருந்து தெலுங்கில் ஒரு திட்டு வரும். முன்னாலிருந்து கன்னடத்தில் இன்னொன்று வரும். நான் இரண்டுக்கும் அந்தந்த மொழியிலேயே பதில் கொடுப்பேன். எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அது ஒரு வசதி.

என் பேச்சை முழுசாகக் கேட்டவள் ஒரே ஒருத்தி, பக்கத்து சீட்டு அக்கா. சிவகங்கைப் பக்கத்துக்காரி. மகளைக் கூட்டிக்கொண்டு பிழைக்க வந்து ஓசூரிலேயே தங்கிவிட்டவள். புருஷன் இருந்தும் இல்லாத கதை. அதை ஒரே வரியில் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். மகள் அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு, கம்ப்யூட்டர் குரூப். அந்தப் பெண் பன்னிரண்டை முடிக்கிற வரைக்கும் இந்த ஊரில் எப்படியாவது காலை ஊன்றி நின்றுவிட வேண்டும் என்பதுதான் அக்காவின் ஒரே கணக்கு. "அதுக்கப்புறம் என்னைய எங்கிட்டு தூக்கிப் போட்டாலும் கெடந்துக்குவேன்" என்பாள். நான் டெல்லியைத் திட்டத் தொடங்கினால் கன்னத்தில் கைவைத்துக் கேட்பாள். கேட்டுவிட்டு மற்றவர்களிடம், எங்க லைன்ல ஒரு மந்திரி இருக்கா தெரியுமா என்று பெருமையடிப்பாள். கேலிதான். ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் குளிரும்.

இருவரும் ஒரே லைனில், அடுத்தடுத்த மெஷினில் நின்றோம். வண்டிகளுக்குப் போகிற சின்னச் சின்ன இரும்பு உருளைகளைக் கடைகிற வேலை. அக்கா கான்ட்ராக்ட், நான் ட்ரெய்னி. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. எனக்கு டிப்ளமோ இருந்தது, அவளுக்கு இல்லை, அவ்வளவுதான். இரும்புத் துண்டை மாட்டி, கதவைச் சாத்தி, பட்டனை அழுத்தினால் மெஷின் தானே கடைந்து கொடுக்கும். அது முடிகிற வரைக்கும் நாம் சும்மா நிற்க வேண்டும். அந்தச் சும்மா நிற்கிற கொஞ்ச நேரத்தில்தான் இங்கே பல பேருடைய பிழைப்பு இருக்கிறது. இது எனக்கு ரொம்ப லேட்டாகத்தான் புரிந்தது.

எங்கள் ஷெட்டில் யாரும் எழுதிவைக்காத, ஆனால் பெண்கள் எல்லோரும் கடைப்பிடிக்கிற ஒரு வழக்கம் உண்டு. பக்கத்து மெஷின்காரி பாத்ரூம் போனாலோ, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாலோ, அவள் மெஷினையும் சேர்த்து நாம் ஓட்ட வேண்டும். ஓட்டலாம், ஆனால் அவளுடைய டார்கெட்டை நிரப்பிவிடக் கூடாது. அவள் ட்ரேயில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கொஞ்சம் குறைத்தே வைக்க வேண்டும். ஒரே ஆள் ரெண்டு மெஷின் பார்த்துவிட முடியும் என்று மேலே இருக்கிறவர்களுக்குத் தெரிந்துவிட்டால், அப்புறம் அங்கே ரெண்டு ஆளுக்கு என்ன வேலை? "கை குடு, ஆனா கணக்க நெரப்பிப்புடாத" என்று நான் சேர்ந்த புதிதில் அக்காதான் காதில் ஓதினாள். நானும் சரி சரி என்று தலையாட்டினேன்.

மார்கழி வாக்கில் மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். அக்கா பர்மிஷன் கேட்டாள். சூப்பர்வைசர் அத்திப்பள்ளியிலிருந்து தினமும் பைக்கில் வருகிறவர், கெட்ட மனிதர் இல்லை. போய்ட்டு வாம்மா, ஆனா மெஷின் நின்னா நான் பொறுப்பில்லை என்றார். நான் பார்த்துக்கிறேன், நீ கிளம்புக்கா என்று அவளை நான்தான் அனுப்பிவைத்தேன். அதுவரை எல்லாம் நல்ல எண்ணம்தான்.

அவள் போய்க் கொஞ்ச நேரத்தில் சூப்பர்வைசர் அந்தப் பக்கம் வந்தார். நான் இங்கே மாட்டிவிட்டு அங்கே ஓடுவதைப் பார்த்து, ரெண்டும் உன்னால முடியாதும்மா, ஒண்ணை நிறுத்திக்கோ என்று அக்கறையாகத்தான் சொன்னார். முடியாது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிடும். சின்ன வயசிலிருந்தே அப்படி. மாந்தோப்பில் பையன்களோடு பந்தயம் கட்டி உச்சிக் கிளையில் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் அழுதவள் நான். அன்றைக்கும் அதே புத்தி. இது முடிவதற்குள் அதில் மாட்டு, அது முடிவதற்குள் இதில் எடு என்று ஒரு தாளம் கைக்கு வந்துவிட்டது. வந்த பிறகு நிறுத்த மனசு வரவில்லை. அக்கா திரும்பி வந்தபோது என் ட்ரேயும் அவள் ட்ரேயும் விளிம்பு வரைக்கும் நிறைந்திருந்தன. சூப்பர்வைசர் போகிற போக்கில், பரவாயில்லையே, கில்லாடிதான் நீ என்றார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அக்கா சிரித்த முகத்தோடுதான் வந்தாள். கம்ப்யூட்டரில் மகள்தான் வகுப்பிலேயே முதல் என்று டீச்சர் எல்லார் முன்னாலும் சொன்னாராம். சொல்லிக்கொண்டே ட்ரேயைப் பார்த்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். "நெரப்பிட்டியா?" என்று கேட்டாள். நான் கீழே கிடந்த இரும்புச் சுருளைக் கூட்ட ஆரம்பித்தேன். அவளே, "சரி விடு, எனக்காகத்தான செஞ்ச" என்று சொல்லிவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டாள்.

தை கழிந்ததும் ஆர்டர் குறைய ஆரம்பித்தது. வெளிநாட்டுக்குப் போகிற சரக்கு தேங்கிக் கிடப்பதாகப் பேசிக்கொண்டார்கள். தொழிற்பேட்டையில் சின்னச் சின்ன ஷெட்டுகள் வாரத்தில் பாதி நாள் பூட்டிக் கிடந்தன. டீக்கடையில் கூட்டமே இல்லை. எங்களையெல்லாம் நிற்கவைத்து சூப்பர்வைசர் உலக நிலைமையைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தார். அடுத்த வாரமே லைனை மாற்றினார்கள். ஒரு ஆளுக்கு ரெண்டு மெஷின். கான்ட்ராக்ட்காரர்களில் பாதிப் பேருக்கு பிரேக். பிரேக் என்றால் வேலையை விட்டு எடுக்கவில்லை, இப்போதைக்கு வர வேண்டாம், கூப்பிடும்போது வந்தால் போதும் என்று அர்த்தம். அந்தக் கூப்பிடும்போது எப்போது என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். பிரேக் கிடைத்தவர்களில் அக்காவும் ஒருத்தி. அவள் மெஷினும் என் கைக்கு வந்தது.

அன்றைக்குத் திரும்புகிற பஸ்ஸில் நான் பேசின பேச்சு இருக்கிறதே! இளைஞர்களுக்கு வேலை தருகிறேன் என்று சொன்னவர்கள் எங்கே, டிப்ளமோ படித்தவள் வருஷக்கணக்கில் ட்ரெய்னியாகவே கிடக்கிறேனே, விலைவாசி ஏறுகிறது, சம்பளம் மட்டும் ஏறவில்லையே, சின்னத் தொழிலையெல்லாம் வரியைப் போட்டே நசுக்கிவிட்டார்களே என்று தொண்டை கட்டுகிற வரைக்கும் கத்தினேன். அன்று யாரும் என்னைத் திட்டவில்லை. பின் சீட்டுத் தெலுங்குக்காரம்மாகூட, சொல்றது வாஸ்தவம்தான் என்றார். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அந்தக் குறுகுறுப்பு கேட்காமல் இருக்கத்தான் அவ்வளவு சத்தம் போட்டேன். அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, மகளுக்குப் பரீட்சை முடிகிற வரைக்கும் வாடகைக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டு வந்தாள்.

அவளிடம் சொல்லியிருக்கலாம். அக்கா, அன்றைக்கு நான் ட்ரேயை நிரப்பினேன் பார், அதனால்தானோ என்னமோ என்று ஒரு வார்த்தை. எத்தனையோ தடவை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வரும்போதெல்லாம் எனக்கு ஒரு சமாதானமும் கூடவே வரும். ஆர்டர் இல்லை என்றால் நான் நிரப்பினால் என்ன, நிரப்பாவிட்டால் என்ன? எப்படியும் ஆளைக் குறைத்திருப்பார்கள். நாடே இந்த லட்சணத்தில் இருக்கும்போது என் ட்ரே எந்த மூலைக்கு? இப்படி நினைத்துக்கொண்டால் தூக்கம் வரும். டெல்லி எவ்வளவு பெரிசோ அவ்வளவுக்கு நான் அதன் பின்னால் ஒளிந்துகொள்ள முடிந்தது. வெட்கக்கேடு.

பங்குனி கடைசியில் மகளுக்குப் பரீட்சை முடிந்தது. ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் அக்கா என் ரூமுக்கு வந்தாள். பார்லிமென்ட் எலெக்‌ஷனுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அவளுக்கு ஓட்டு சொந்த ஊரில். அதைப் போட்டுவிட்டு அம்மா வீட்டிலேயே இருக்கப் போவதாகவும், பள்ளி திறப்பதற்குள் கம்பெனியில் கூப்பிட்டால் திரும்பி வந்துவிடுவதாகவும் சொன்னாள். கூப்பிடாவிட்டால்தான் சிக்கல். அவள் ஊர்ப் பள்ளியில் கம்ப்யூட்டர் குரூப்பே கிடையாது. நடுவில் குரூப் மாற்றவும் விட மாட்டார்கள். மகளை இங்கே தனியாக விட்டுவைக்க அவளுக்கு வசதியும் இல்லை, தைரியமும் இல்லை. இதையெல்லாம் சொல்லிவிட்டு, நான் போட்டுக் கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏ புள்ள, ஒனக்குத்தான் இதெல்லாம் அத்துபடி. யாரால என் வேல போச்சுன்னு சொல்லு. அவனுக்கு எதுத்தாப்புல குத்திட்டு வாரேன்."

நான் சொன்னேன். கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. இன்ன கட்சிதான் காரணம், இன்ன சின்னத்தில் போடு என்று சொன்னேன். அவள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து வேறு ஒரு சின்னத்துக்குத்தான் போடுவார்களாம். பரவாயில்லை, நீ படிச்ச புள்ள, சரியாத்தான் சொல்லுவ என்றாள். டீயைக் குடித்துவிட்டு டம்ளரை அவளே கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டுப் போனாள்.

என் ஓட்டு நாகரசம்பட்டிப் பக்கத்தில் எங்கள் ஊரில். முதல் ஓட்டு. அதற்காக எவ்வளவு காத்திருந்தேன் தெரியுமா? ஓட்டுக்கு முந்தின நாள் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமில்லை. ஊர் ஊருக்குப் போகிற கூட்டம். கிருஷ்ணகிரி வரைக்கும் நின்றுகொண்டே போனேன். வீட்டில் அப்பா மாங்காய்க் கவலையில் இருந்தார். மாம்பழக் கூழ் கம்பெனிக்காரர்கள் போன வருஷச் சரக்கே விற்காமல் கிடக்கிறது என்று இந்த வருஷம் விலை பேசவே வரவில்லை. இருந்தும் அப்பா தான் எப்போதும் போடுகிற கட்சிக்கே போடப் போகிறேன் என்றார். வந்ததே எனக்குக் கோபம்! ஏற்றுமதி, வரி, கொள்கை என்று அவரை உட்காரவைத்து ஒரு பாட்டம் தீர்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நீ சொல்லிக்கினே இரும்மா, நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வரேன் என்று எழுந்துபோனார். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று, விரலில் மை வாங்கி, அட்டை மறைப்புக்குப் பின்னால் போய் நின்றேன். நாட்டையே நிமிர்த்தப் போகிறவள் மாதிரி வந்தவளுக்கு அங்கே அக்கா நினைப்புதான் வந்தது. இந்நேரம் அவளும் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில், நான் சொன்ன சின்னத்தைத் தேடிக்கொண்டு நிற்பாள். தன் வேலையைப் பறித்தவர்களுக்கு எதிராக என்று நினைத்து, பறித்தவளே சொன்னபடி போடுகிற ஓட்டு. பட்டனை அழுத்திவிட்டு வெளியே வந்தேன். எல்லோரும் விரலைக் காட்டி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு எடுக்கத் தோன்றவில்லை.

வைகாசி நடுவில் ஷெட்டில் ஒரு பேச்சு கிளம்பியது. ஆர்டர் கொஞ்சம் திரும்புகிறதாம், பிரேக்கில் போனவர்களில் சில பேரைக் கூப்பிடப் போகிறார்களாம். அதற்கு முன்னால் சென்னையிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்து லைனைப் பார்ப்பார், ஒரு ஆள் ரெண்டு மெஷினில் திணறுகிறார் என்று தெரிந்தால் பழையபடி ஆள் போட்டுவிடுவார்கள் என்று சூப்பர்வைசரே என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு ஒரு மாதிரி பார்த்தார். புரிந்துகொள் என்கிற பார்வை. நான்தான் சொன்னேனே, கெட்ட மனிதர் இல்லை.

அக்காவுக்கு எப்படியோ தகவல் போய்விட்டது. போன் செய்தாள். பள்ளி திறக்க இன்னும் நாள் இருக்கு, சாமி கண்ணத் தொறந்துருச்சு புள்ள என்றாள். அன்று ராத்திரியெல்லாம் எனக்கும் அப்படித்தான் இருந்தது. பாவத்தைக் கழுவ ஒரு வழி கிடைத்துவிட்டது. மெதுவாக ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். உலகத்திலேயே சுலபமான பிராயச்சித்தம். ரெண்டாவது மெஷின் முடிந்து நிற்கும். நான் பார்க்காத மாதிரி முதல் மெஷினில் குனிந்துகொண்டிருக்க வேண்டும். இதில் என்ன கஷ்டம்?

இன்ஜினியர் வந்தார். என்னைவிட நாலைந்து வயசுதான் அதிகம் இருக்கும். போனில் நேரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் நினைத்த மாதிரியே மெதுவாக மாட்டினேன், மெதுவாக எடுத்தேன், அளவுக் கருவியை வேண்டுமென்றே ரெண்டு தடவை வைத்துப் பார்த்தேன். மெஷின் முடிந்து நின்றது. நான் திரும்பவில்லை. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது அவர் சூப்பர்வைசரிடம், எனக்குக் காது கேட்காது என்று நினைத்தாரோ என்னமோ, "இந்தப் பொண்ணையா கில்லாடின்னு சொன்னீங்க?" என்று கேட்டுச் சிரித்தார்.

அவ்வளவுதான். வேலை போய்விடும் என்று பயந்தேன், அதனால்தான் அப்படிச் செய்தேன் என்று சொன்னால் படிக்கிறவர்கள் மன்னித்துவிடுவார்கள். ட்ரெய்னி காலம் முடிய ரெண்டு மாசம்கூட இல்லை என்பதும் உண்மைதான். ஆனால் சத்தியமாக அந்த நேரத்தில் அது ஞாபகத்திலேயே இல்லை. ரோஷம். வெறும் ரோஷம். அந்தச் சிரிப்பு காதில் விழுந்ததும் கை தன்பாட்டுக்கு ஓட ஆரம்பித்தது. அக்கா முகம் மனசில் வந்தது, மகள் முகம்கூட வந்தது, நிறுத்துடி நிறுத்துடி என்று உள்ளே ஒருத்தி கத்தினாள். கை நிற்கவில்லை. ரெண்டு மெஷினும் ஒரு நிமிஷம்கூடச் சும்மா நிற்காமல் ஓடின. இன்ஜினியர் போனைப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு ஆளே தாராளம் சார் என்றார். சூப்பர்வைசர் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

பிரேக்கில் போனவர்கள் யாரையும் கூப்பிடவில்லை. எனக்கு மட்டும் ட்ரெய்னி காலத்தை இன்னும் ஒரு வருஷம் நீட்டிக் கொடுத்தார்கள். எலெக்‌ஷன் முடிவும் வந்தது. டெல்லியில் யார் உட்கார்ந்தார்கள் என்று பஸ்ஸில் ஒரே வாக்குவாதம். மந்திரி ஏன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள் என்று பின் சீட்டிலிருந்து சீண்டினார்கள். நான் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன்.

பள்ளி திறந்த வாரம் அக்கா போன் செய்தாள். கம்பெனியில் ஏதாவது சொன்னார்களா என்று கேட்டாள். இல்லைக்கா, ஆர்டர் இன்னும் சரியாக வரலை, நாட்டு நிலைமை அப்படி இருக்கு என்றேன். குரல் நடுங்காமல் சொன்னேன். மகளை என்ன செய்தாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளே சொன்னாள். மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்த்துவிட்டிருக்கிறாளாம். தங்க இடம், சாப்பாடு எல்லாம் கடையிலேயே. ஒரு வருஷம் போகட்டும், அப்புறம் படிப்பைப் பார்த்துக்கலாம் என்று இருக்கிறாளாம். பிள்ளை ரெண்டு நாள் அழுதாளாம், இப்போது பரவாயில்லையாம். நான் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

போனை வைப்பதற்கு முன்னால் அவளுக்கு ஒன்று ஞாபகம் வந்துவிட்டது.

"நீ சொன்ன சின்னத்துலதான் புள்ள போட்டேன். வீட்டுல எல்லாரும் திட்டுனாக, நான் கேக்கல. அடுத்த எலெக்‌ஷனுக்கும் நீயே ஒரு வார்த்த சொல்லிரு. எனக்குன்னு வெவரம் தெரிஞ்சவக வேற யாரு இருக்கா?"

"சரிக்கா, சொல்றேன்" என்றேன்.